பதினான்கு தேவைகளும் ஒரு கட்டிலும்: வார்டுக்குப் புதிதாக வரும் நர்ஸ்களுக்கு

முதலாண்டு நர்சிங் ஃபவுண்டேஷன் பாடத்தில் வர்ஜீனியா ஹெண்டர்சன் வருவார். மனிதனின் பதினான்கு அடிப்படைத் தேவைகளை வரிசையாக மனப்பாடம் செய்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். வார்டு போஸ்டிங் வந்ததும் பி.பி. பார்ப்பது, டிரிப்ஸ் மாற்றுவது, மாத்திரை கொடுப்பது, சார்ட் எழுதுவது என்று பொழுது ஓடிவிடும். அந்தப் பதினான்கு அப்படியே நோட்டுப் புத்தகத்தில் தங்கிவிடும். அதை வெளியே எடுத்துக் கட்டிலருகே பயன்படுத்துவது எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

வடசென்னையில் வேலை பார்க்க வருகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தேவை என்பது என் எண்ணம். ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, தண்டையார்பேட்டை, பெரம்பூர் என்று எங்கே போஸ்டிங் கிடைத்தாலும், படுக்கையில் இருப்பவர்களில் பலர் உடம்பை நம்பிப் பிழைப்பவர்கள். காசிமேட்டில் படகேறுகிறவர், துறைமுகத்தில் லோடு தூக்குகிறவர், லேத் பட்டறையில் நிற்கிறவர், தலையில் கூடை வைத்து மீன் விற்கிறவர். இவர்களுக்குக் குணமாவது என்றால் தன் கைகாலால் தன் வேலையைத் தானே பார்ப்பது. ஹெண்டர்சன் சொன்னதும் அதுதான்.

முதலில் தியரியை நேராகப் புரிந்துகொள்ளுங்கள்

ஹெண்டர்சன் 1897-ல் அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில் பிறந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் ராணுவ நர்சிங் பள்ளியில் சேர்ந்து, காயம்பட்டுத் திரும்பிய சிப்பாய்களைக் கவனித்தபடி படித்து, 1921-ல் படிப்பை முடித்தார். நியூயார்க்கில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸாகவும் வேலை செய்திருக்கிறார். பிறகு நெடுங்காலம் ஆசிரியை. 1953 முதல் யேல் பல்கலைக்கழகத்தில். சர்வதேச நர்ஸ்கள் கவுன்சிலுக்காக அவர் எழுதிய நர்சிங்கின் அடிப்படைக் கோட்பாடுகள் 1960-ல் வெளியாயின. 1996-ல், 98 வயதில் காலமானார்.

அவர் சொன்னதன் சாரம் இது. ஒருவர் நோயாளியாக இருக்கலாம், நலமாகவும் இருக்கலாம். உடல்நலம் காக்கவோ, குணமடையவோ, அமைதியாக உயிர் விடவோ அவர் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. போதுமான பலமும் மனமும் விவரமும் இருந்தால் அவற்றை அவரே செய்துகொள்வார். இல்லாதபோது அவருக்கு உதவுவது நர்ஸுக்கே உரிய வேலை. அந்த உதவியையும், அவர் கூடிய சீக்கிரம் தன் காலில் நிற்கும்படியாகச் செய்ய வேண்டும்.

பதினான்கு தேவைகள் இவை: மூச்சு விடுவது, உண்பதும் குடிப்பதும், மலஜலம் கழிப்பது, அசைவதும் சரியான நிலையில் படுப்பது உட்காருவதும், தூக்கமும் ஓய்வும், தகுந்த உடை, உடல் வெப்பம், சுத்தமும் தோல் பாதுகாப்பும், ஆபத்தைத் தவிர்ப்பது, மனதில் இருப்பதைப் பிறரிடம் சொல்வது, தன் நம்பிக்கைப்படி வழிபடுவது, வேலை, பொழுதுபோக்கு, கற்றுக்கொள்வது. முதல் ஒன்பதும் உடம்பைச் சேர்ந்தவை. மற்ற ஐந்தும் மனம், நம்பிக்கை, சமூக வாழ்க்கை பற்றியவை. கேஸ் ஸ்டடியில் இந்தக் கடைசி ஐந்துக்கு எதிரே 'நார்மல்' என்று எழுதிவிட்டுப் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். அந்த ஐந்தில்தான் ஆள் யாரென்று தெரிகிறது.

கூடவே இரண்டு கருவிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 'எது குறைகிறது?' என்ற கேள்வி: பலமா, மனமா, விவரமா? இரண்டு, 'நான் எவ்வளவு செய்ய வேண்டும்?' என்ற கேள்வி. இதற்கு மூன்று நிலைகள் உண்டு: அவருக்குப் பதிலாக முழுவதும் நாமே செய்வது, அவரால் முடியாத மிச்சத்தை மட்டும் செய்வது, பக்கத்தில் துணையாக நின்று அவரைச் செய்யவிடுவது. கால் இழந்தவருக்குக் காலாக, புதிதாகப் பார்வை போனவருக்குக் கண்ணாக, பேச முடியாதவருக்குக் குரலாகக் கொஞ்ச காலம் இருப்பவள் நர்ஸ் என்கிறார் ஹெண்டர்சன். அந்தக் 'கொஞ்ச காலம்' என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

படி 1: ஒரே ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள்

வார்டு முழுவதற்கும் ஒரேயடியாக இதைச் செய்ய முடியாது. முதல் வாரம் ஒருவர் போதும். இன்சார்ஜ் சிஸ்டரிடமோ உங்கள் மேடத்திடமோ கேட்டு, நாலைந்து நாளாவது வார்டில் இருக்கப்போகிற ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். கட்டிலுக்குப் போகும் முன் கேஸ் ஷீட்டைப் படியுங்கள். டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைக்கும் ஹேண்டிங் ஓவரில் நின்று கேளுங்கள். என்ன நோய், என்ன மருந்து, எதற்கெல்லாம் தடை என்று தெரியாமல் நோயாளியைத் தொடக்கூடாது. வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்று எழுதியிருப்பதைக் கவனிக்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டால் அதுவே பெரிய ஆபத்து.

இந்தக் கட்டுரைக்கும் ஒருவரை வைத்துக்கொள்வோம். காசிமேட்டுக்காரர், 58 வயது, விசைப்படகில் போகிறவர். வீட்டார் சொன்னபடி 'வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் விழுந்து' வந்து சேர்ந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால் இரண்டும் பலவீனம், பேச்சும் குழறுகிறது. மனைவி மீன் விற்கிறவர், கூடவே இருக்கிறார். இது எந்தத் தனி மனிதரின் கதையும் இல்லை. இங்கே மெடிக்கல் வார்டில் ஒரு மாதம் இருந்தால் இப்படி ஒருவரை நீங்களே பார்ப்பீர்கள்.

படி 2: பேச உட்காருங்கள்

கை கழுவிக்கொண்டு போங்கள். பெயரைச் சொல்லி, 'நான் நர்சிங் படிக்கிற பொண்ணு, இன்னைக்கு உங்களைப் பார்த்துக்கப் போறேன்' என்று சொல்லுங்கள். நோயாளியை நம்பர் சொல்லிக் கூப்பிட வேண்டாம். 'பன்னெண்டாம் பெட்' என்பது ரெஜிஸ்டருக்கு மட்டும் போதும். பெரியவர்களை ஐயா, அம்மா, தாத்தா, ஆயா என்று அழைத்தால் இங்கே பேச்சு தானாக வரும். நம் காசிமேட்டுக்காரரை 'அண்ணா' என்றே கூப்பிடலாம்.

உட்கார இடமில்லாவிட்டால் அவர் முகம் பார்க்கிற உயரத்துக்காவது குனியுங்கள். கேள்வித்தாள் படிப்பதுபோல வரிசையாகக் கேட்காதீர்கள். 'சளி எடுக்க முடியுதா?', 'வெளிக்கி போயி எத்தினி நாளாச்சு?', 'ராத்திரி தூங்குனீங்களா?' என்று அவர் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள். மலஜலம் பற்றிக் கேட்கும்போது குரலைத் தாழ்த்துங்கள். பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்க வேண்டியதில்லை.

இவர் விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். பேச்சு வரவில்லை என்பதால் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு, பலர் இப்படிப்பட்டவர்களிடம் கத்திப் பேசுவார்கள். அல்லது அவரை விட்டுவிட்டு மனைவியிடமே எல்லாவற்றையும் கேட்பார்கள். அவருக்குக் காது நன்றாகக் கேட்கிறது, சொல்வதும் பெரும்பாலும் புரிகிறது. ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி கேள்வியை மாற்றுங்கள். தண்ணீர், வலி, சிறுநீர், வீட்டுக்காரம்மா, திரும்பிப் படுக்கணும் என்று படங்கள் போட்ட ஓர் அட்டையைக் கட்டிலோடு கட்டிவிடுங்கள். நோட்டின் பின்னட்டையே போதும். அவர் விரலால் தொட்டுக் காட்டுவார். அவசரப்படாமல் காத்திருப்பதும் இங்கே ஒரு நர்சிங் வேலை.

படி 3: பதினான்கையும் அவர்மேல் வைத்துப் பாருங்கள்

எல்லாத் தேவையும் எல்லாரிடமும் ஒரே கனம் உள்ளவை அல்ல. ஹெண்டர்சன் எது முந்தி எது பிந்தி என்று நமக்காக வகுத்துத் தரவில்லை. அதை நோயாளியின் நிலைமை சொல்லும். மூச்சு மட்டும் எப்போதும் முதலில். மூச்சு எண்ணிக்கை, சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு), சளிச் சத்தம் இருக்கிறதா என்று பாருங்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கலாமா என்று கேட்டு, அனுமதி உண்டென்றால் உயர்த்துங்கள். சந்தேகம் வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிடுங்கள். தியரி எல்லாம் அப்புறம்.

அடுத்தது சாப்பாடு. ஸ்டான்லிக்குப் பழைய ஆட்கள் இன்னும் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்றுதான் பெயர் சொல்வார்கள். 1782 பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த இடம் அது. பசியாற்றுவதில் தொடங்கிய இடத்தில் நின்றுகொண்டு, இந்தத் தேவையை 'டயட்: நார்மல்' என்று எழுதி முடித்துவிடக் கூடாது.

பக்கவாத நோயாளிக்கு விழுங்கும் சக்தி இருக்கிறதா என்று சோதிக்கும் வரை வாய் வழியாக ஒரு சொட்டும் தரக்கூடாது. ஆனால் விடிகாலையில் மனைவி வெளியே போய் ஒரு காபி வாங்கி வருவார். 'பாவம், ராத்திரி பூரா பட்டினி சிஸ்டர், ரெண்டு வாய் ஊத்துனா தெம்பா இருக்கும்.' அன்பால் செய்கிறார். காபி உணவுக்குழாய்க்குப் பதில் மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இங்கே குறைவது விவரம். திட்டுவதால் விவரம் வராது. 'தண்ணி, காபி மாதிரி நீர்த்தது சட்டுனு நெஞ்சுக்குள்ள போயிடும்மா. டாக்டர் பார்த்துச் சொன்னதும் கெட்டியா கஞ்சி கொடுக்கலாம், நானே கூட இருந்து காட்டுறேன்' என்று சொல்லுங்கள். அவர் அதன் பிறகு காபியைத் தொட மாட்டார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதைச் சொல்லித் தருவார்.

மூன்றாவது, கழிவு. யூரின் டியூப் இருந்தால் பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் படக்கூடாது. மணிக்கு உடல் எடையில் கிலோவுக்கு அரை மில்லியாவது வர வேண்டும். 60 கிலோ ஆள் என்றால் 30 மில்லி. அதற்குக் குறைந்தால் சொல்லுங்கள். டியூப் இனியும் வேண்டுமா என்று தினமும் ரவுண்ட்ஸில் கேட்கப் பழகுங்கள். தேவையில்லாமல் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலும் தொற்றுக்கு வழி. டியூப் எடுத்த பிறகு யூரினலைக் கைக்கு எட்டும் பக்கம், இவருக்கு இடப்பக்கம், வையுங்கள். வலப்பக்கம் வைத்துவிட்டு 'கேட்கவே மாட்டேங்கிறார், படுக்கையிலேயே போயிட்டார்' என்று சொல்வது நியாயமில்லை.

அசைவும் தோலும் ஒன்றாகவே போகும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வையுங்கள். ஆளைப் பிடித்து இழுக்காதீர்கள். அவருக்கு அடியில் குறுக்காக விரித்திருக்கும் டிரா ஷீட்டோடு இருவர் தூக்கி நகர்த்துங்கள். செயலிழந்த கையைப் பிடித்துத் தூக்கினால் தோள்மூட்டு நழுவிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் வலி. திருப்பும்போதே முதுகெலும்பு முடிகிற இடத்தையும் இடுப்பின் பக்கங்களையும் குதிகாலையும் பாருங்கள். புத்தகத்தில் 'சிவந்திருக்கும்' என்று போட்டிருக்கும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அங்கே படுக்கைப்புண் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்தப் பக்கம் படுக்க வைப்பதை நிறுத்திவிட்டு, உடனே தெரிவியுங்கள்.

தூக்கம், உடல் வெப்பம், ஆபத்தைத் தவிர்ப்பது: இரவில் வேலைகளைச் சேர்த்துச் செய்தால் மூன்று முறை எழுப்புவது ஒரு முறையாகும். காய்ச்சல் வந்தால் டியூப், சளி, டிரிப்ஸ் போட்ட இடம் மூன்றையும் பாருங்கள். கட்டிலின் பக்கக் கம்பி ஏற்றியிருக்கிறதா, தரை ஈரமா என்று ஒரு பார்வை. உடைக்கு ஒரே ஒரு விதி: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். கைலியை ஒற்றைக் கையால் கட்ட முடியாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக்கொண்டு வரச் சொன்னால் அவர் தானே உடுத்திக்கொள்வார்.

வழிபாட்டை வெட்கமில்லாமல் கேளுங்கள். ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவர் ஜெபமாலையைத் தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். திருவொற்றியூர் வடிவுடையம்மன் குங்குமத்தை ஒருவர் பொட்டலமாக மடித்து வைத்திருப்பார். மண்ணடியிலிருந்து வந்தவர் படுத்தபடியே தொழ வேண்டும் என்பார். ஸ்பஞ்ச் பாத்தை அந்த நேரத்துக்கு முன்னால் முடித்துவிட்டால் அவருக்கு நிம்மதி. ஆபரேஷனுக்கு அனுப்பும்போது தாயத்தையும் அரைஞாண் கயிற்றையும் கத்தரிக்கோலால் நறுக்கிக் குப்பையில் போடுவது வேண்டாம். ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்லி, அவரையோ வீட்டாரையோ விட்டு அவிழ்க்கச் சொல்லி, ஒரு கவரில் போட்டு அவர்கள் கையிலேயே கொடுங்கள். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகாது. தியேட்டருக்குப் போகும்போது அவர் முகமே வேறாக இருக்கும்.

வேலை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மே மாதம் படுத்திருக்கும் நம் அண்ணன் படத்தையும் அட்டையையும் தள்ளிவிட்டு, இடது கையால் அலைபோலக் காட்டி எதையோ கேட்கிறார் என்றால், தடை முடியும்போது படகேற முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்று பொய் சொல்லாதீர்கள். முடியாது என்று நீங்களாகத் தீர்ப்பும் சொல்லாதீர்கள். டாக்டரும் பிசியோவும் பார்க்கட்டும். நீங்கள் அந்தக் கேள்வியை அவர்களிடம் கொண்டுபோங்கள். வலை சரிபார்க்கும் வேலையை உட்கார்ந்தபடி செய்ய முடியுமா, அதற்கு எந்த விரல் தேவை என்று கேட்டால் பயிற்சிக்கே ஒரு குறி கிடைக்கும். கை அறுவைச் சிகிச்சைக்குப் பேர்போன ஸ்டான்லியில், மெஷினில் விரல் சிக்கி வந்த பட்டறைத் தொழிலாளர்களிடமும் இதே கேள்விதான்: எந்த வேலை, எந்தக் கை, எந்தப் பிடி.

பொழுதுபோக்கு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கேரம், பழைய பாட்டு, பேரப்பிள்ளையின் வீடியோ. கேட்டு எழுதுங்கள்.

படி 4: எது குறைகிறது என்று தீர்மானியுங்கள்

என் அனுபவத்தில் புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எல்லாவற்றையும் பலக்குறைவு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆகவே எல்லாவற்றையும் தாங்களே செய்துவிடுவார்கள்.

ஐந்தாம் நாள். விழுங்குவது நன்றாகிவிட்டது, இட்லி சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணனின் இடது கை நன்றாக வேலை செய்கிறது. ஆனாலும் சாப்பிட மாட்டேன் என்று முகத்தைத் திருப்புகிறார். நோட்ஸில் 'பசி இல்லை' என்று எழுதியிருக்கும். தட்டை இடப்பக்கம் வைத்துவிட்டு அவர் கையைக் கவனியுங்கள். தட்டுவரை போகிறது, திரும்பி வந்துவிடுகிறது. மனைவி சொல்கிறார்: 'பீச்சாங்கையால எப்படி சிஸ்டர் சோறு துன்றது?' அவ்வளவுதான் விஷயம். பலம் இருக்கிறது, விவரம் இருக்கிறது, மனம் ஒப்பவில்லை. நாலு பேர் பார்க்க இடது கையால் சோற்றைத் தொட அவருக்குக் கூசுகிறது.

இதற்கு மருந்து ஒரு ஸ்பூன். கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள். கை சோற்றில் படாது. இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துப் பிசைந்து கிண்ணத்தில் வையுங்கள். தட்டைவிடக் கிண்ணத்தில் ஸ்பூனுக்கு நன்றாக வரும். வழுக்காமல் அடியில் ஈரத்துணி போடுங்கள். திரையை இழுத்துவிடுங்கள். நேராக உட்கார வைத்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லுங்கள். முதல் இரண்டு வாய் நீங்கள் அவர் கையோடு கை வைத்துக் கொண்டுபோங்கள். மூன்றாவதில் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள். கொஞ்சம் சட்டையில் சிந்தும். சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு வாய்க்கும் பிறகு வலது கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

இப்போது மனைவிக்குக் கஷ்டமாக இருக்கும். 'அவரே துன்னட்டும்னா நான் எதுக்குக்கீறேன்?' நம் வீடுகளில் ஊட்டிவிடுவதுதான் பாசம். அதைத் தப்பு என்று சொல்லாதீர்கள். 'நீங்க ஸ்பூனைப் பிடிச்சுக் கொடுங்க, கன்னத்தைப் பாருங்க, மிச்சத்தை அவர் பார்த்துக்குவார்' என்று அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள்.

குறைவது எது என்று தெரிந்தால் என்ன செய்வது என்பதும் தெரிந்துவிடும். பலம் குறைந்தால் நம் கை வேண்டும், பயிற்சி வேண்டும். விவரம் குறைந்தால் சொல்லித் தர வேண்டும். மனம் குறைந்தால் காரணத்தைக் கேட்டறிய வேண்டும். பயமா, கூச்சமா, வீட்டுக் கவலையா, வலியா.

ஆர்.எஸ்.ஆர்.எம். மாதிரிப் பிரசவ வார்டில் இந்தச் சோதனை இன்னும் தெளிவாகத் தெரியும். முதல் குழந்தை பெற்ற பெண்ணுக்கு நோய் எதுவும் இல்லை. பால் கொடுக்கத் தெரியவில்லை, 'எனக்குப் பாலே இல்ல' என்று அழுகிறாள், பாட்டி சர்க்கரைத் தண்ணீரோடு நிற்கிறார். குழந்தையை வாங்கி நீங்களே மார்பில் பொருத்திவிட்டால் அந்த வேளை முடிந்துவிடும், அடுத்த வேளை மறுபடி அழுகைதான். அவள் கையை உங்கள் கையால் பிடித்து, அவளையே பொருத்தச் செய்யுங்கள். முதல் சில நாள் வரும் சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும், அது போதும் என்று பாட்டி காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

படி 5: எழுதுங்கள், பிறகு கைமாற்றுங்கள்

கேர் பிளானில் ஒவ்வொரு தேவைக்கும் நாலு வரி போதும்: அவரால் இப்போது என்ன முடிகிறது, எது குறைகிறது, நாம் எந்த அளவுக்குச் செய்கிறோம், எப்போது எந்த அளவுக்குக் குறைக்கிறோம். நம் அண்ணனுக்கு ஒரு மாதிரி:

உண்பது: இடது கையால் ஸ்பூன் பிடித்து வாய்வரை கொண்டுபோகிறார். இடது கையால் சாப்பிடக் கூச்சம். காலையில் முதல் இரண்டு வாய்க்கு மட்டும் கை கொடுக்கப்பட்டது, பிறகு திரைக்குள் தானே சாப்பிட்டார். நாளை முதல் வாயிலிருந்தே தானாக, நர்ஸ் பக்கத்தில்.

அசைவது: இடப்பக்கம் தானே திரும்புகிறார். வலப்பக்கம் திரும்ப ஒருவர் துணை வேண்டும். நாற்காலிக்கு மாற இருவர், நாற்காலி இடப்பக்கம். பிசியோ பார்த்த பிறகு ஒருவர் துணையோடு முயற்சி.

'உதவி செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதினால் அடுத்த டியூட்டிக்கு வருகிறவருக்கு ஒன்றும் புரியாது. அவர் மறுபடி ஊட்டிவிடுவார், அண்ணன் நேற்றைய நிலைக்குப் போய்விடுவார். ஹேண்டிங் ஓவரில் வாயாலும் சொல்லுங்கள்: 'தானே சாப்பிடுறார், ஊட்ட வேண்டாம், கன்னம் மட்டும் பாருங்க.' எல்லா ஷிஃப்ட்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டால்தான் நோயாளி முன்னேறுவார்.

நீங்கள் மாணவி என்றால் இவற்றில் எதையும் மேற்பார்வையில்லாமல் செய்யாதீர்கள். முக்கியமாக எழுந்து நிற்க வைப்பது, முதல் வாய் உணவு.

படி 6: டிஸ்சார்ஜ் அன்று போகும் வீட்டைக் கேளுங்கள்

டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வரும்வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்பே தொடங்குங்கள். வீடு எத்தனாவது மாடி? வாரியக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது என்றால் வார்டிலேயே படியேறிப் பழக வேண்டும், அல்லது கீழே உறவினர் வீட்டில் சில வாரம் தங்க ஏற்பாடு வேண்டும். கழிவறை வீட்டுக்குள்ளா, வெளியிலா? இந்தியன் டைப் என்றால் உட்கார்ந்து எழ முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியை மேலே போட்டுச் சமாளிக்கிறவர்கள் நிறையப் பேர். தண்ணீர் குடத்தில் தூக்கி வைக்க வேண்டுமென்றால் அது யார் வேலை? மனைவி விடிகாலையில் மீன் எடுக்கப் போய்விட்டால் அந்த மூன்று மணி நேரம் யார் கூட இருப்பார்?

மாத்திரையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சட்டை போடுவதை, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவதை மனைவியே உங்கள் முன்னால் ஒரு தரம் செய்து காட்டட்டும். பி.பி. நார்மலாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் மறுபடி பக்கவாதத்தில் கொண்டுவிடும். நார்மலாக இருப்பதே மாத்திரையால் என்று சொல்லுங்கள். மறுபடி வாய் கோணினாலோ, கை விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108. மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைச் சொல்லத் தெரிய வேண்டும்.

2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பிசியோதெரபியும் படுக்கையில் இருப்பவர்களுக்கான கவனிப்பும் அதில் உண்டு. அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கச் சொல்லி அனுப்புங்கள்.

குணமாகாதவர்கள்

ஹெண்டர்சன் அமைதியான மரணத்தையும் நர்ஸின் பணிக்குள் சேர்த்தார். மருத்துவம் கைவிட்ட பிறகும் பதினான்கு தேவைகளில் பல அப்படியே இருக்கின்றன. வாய் காய்கிறது, ஈரப்பஞ்சால் நனையுங்கள். திருப்பிப் படுக்க வைப்பதை நிறுத்தாதீர்கள். வலியைக் கேளுங்கள், சொல்லுங்கள். பேச்சு நின்ற பிறகும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, செய்யப்போவதைச் சொல்லிவிட்டே தொடுங்கள்.

வீட்டார் பால் ஊற்றக் கேட்பார்கள். நினைவில்லாதவர் வாயில் ஊற்றினால் மூச்சடைக்கும். பஞ்சில் ஒரு சொட்டுத் தொட்டு உதட்டில் வைக்க விடுங்கள். ஜம்ஜம் தண்ணீருக்கும் அப்படியே. ஃபாதர் வந்து எண்ணெய் பூசும்போது திரையை இழுத்துவிடுங்கள். மேற்கே முகம் திருப்பச் சொன்னால் முடிந்தவரை திருப்புங்கள். மகன் வேலையிலிருந்து வந்துகொண்டிருக்கிறான் என்றால், விசிட்டிங் நேரம் முடிந்துவிட்டது என்று கேட்டில் நிறுத்திவிடாமல் இருக்க வாட்ச்மேனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வார்டு நிரம்பி வழியும் நாளில்

'இவ்வளவு பேர் இருக்கும்போது இதெல்லாம் எங்கே முடியும்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கட்டில் நிரம்பி, தரையில் பாய் விரித்த நைட் டியூட்டியில் பதினான்கையும் எழுதிக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கு மூச்சு, தண்ணீர், கழிவு, திரும்பிப் படுப்பது, விழாமல் இருப்பது இவற்றை எல்லாருக்கும் பாருங்கள். மருந்து கொடுக்கப் போகும்போதே இந்த ஐந்தையும் கண்ணால் பார்த்துவிடலாம். அதற்குத் தனி நேரம் வேண்டாம்.

அப்புறம், அவசரத்தில் நாமே செய்துவிடுவது சீக்கிரம் முடிகிற மாதிரி இருக்கும். ஊட்டிவிட்டால் ஐந்து நிமிடம், அவரையே சாப்பிட விட்டால் அரை மணி. ஆனால் அந்த அரை மணியில் நீங்கள் அங்கேயே நிற்க வேண்டும் என்பதில்லை. முழுங்குவது சரியாக இருக்கிறது என்று உறுதியானவருக்குக் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துவிட்டு, எதிர்க் கட்டிலில் டிரிப்ஸ் மாற்றியபடி ஒரு கண் இந்தப் பக்கம் வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் உங்கள் கை வேண்டியவர்கள் பட்டியலில் ஒருவர் குறைந்திருப்பார். அந்த நேரத்தைப் புதிதாக அட்மிட் ஆனவருக்குக் கொடுங்கள்.